கணவர் கடலுக்குப் போகும் இரவுகளும் என் தாடை வலியும்

கேள்வி (ராமேசுவரம், வயது 41)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் விசைப்படகு ஓட்டுகிறார். திங்கள், புதன், சனி என வாரத்தில் மூன்று நாட்கள் தொழிலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்புவார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஓராண்டாகக் காலையில் எழுந்ததும் தாடை வலிக்கிறது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருக்கின்றன, மன அழுத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நெஞ்செரிச்சல், இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பது, மகள் பாத்திர மூடியைக் கைதவறிப் போட்டால்கூட அடிக்கக் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் என எல்லாமே இந்த ஓராண்டில் வந்தவைதாம்.

என் மாமியார் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைச் சிறுமியாகப் பார்த்தவர். "கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் உள்ளதுதான், பொறுத்துக்கொள்" என்கிறார். பொறுப்பதற்கு நான் தயார். ஆனால் இது உடம்பைக் கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணவரின் தொழிலை மாற்ற முடியாது என்னும்போது, குறைத்துக்கொள்ள வழி உண்டா?

பதில் 1 (மண்டபம், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்)

சகோதரிக்கு வணக்கம். ஆபத்து வருகிறது என்று மூளை எண்ணியதும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், செரிமானம் மந்தமாகும். ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில் இது நல்லதே. ஆபத்து நீங்கியதும் தணிந்துவிட வேண்டிய இந்தப் பரபரப்பு, தணிவதற்குள் அடுத்த கவலை வந்து சேர்ந்து மாதக்கணக்கில் நீடிக்கும்போதுதான் தூக்கமும் வயிறும் இரத்த அழுத்தமும் கெடத் தொடங்குகின்றன. நீங்கள் "இல்லை" என்று சொன்னதில் பொய் எதுவும் கிடையாது. மனம் ஒத்துக்கொள்வதற்கு முன்பே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். முப்பது ஆண்டுப் பணியில் நான் பார்த்தவர்களில் பலர் தலைவலி என்றும் வாயு என்றும் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள்.

வாய் மூடியிருந்தாலும் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதே இயல்பு. பகலில் அவை ஒட்டியிருப்பதைக் கவனிக்கும்போதெல்லாம் ஒரு சிறு நோட்டில் கிழமை, மணி, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணத்தை எழுத வேண்டாம். காரணம் தெரியும் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தவறாகவே இருக்கும். எழுதியபின் நாக்கின் நுனியை மேல்பற்களுக்குப் பின்னால் வைத்துத் தாடையைத் தளர்த்தி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றே தணியும் என்பதால்தான் விடும் நேரத்தைக் கூட்டச் சொல்கிறோம். ஐந்து நிமிடம் போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் உங்கள் தெருவுக்கு வரும்போது இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தேநீர் குடித்த கையோடு பார்க்காமல், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90-க்கு மேல் இருந்தால், மன அழுத்தம்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பதில் 2 (தங்கச்சிமடம், படகு ஓட்டுநர்)

அக்கா, கடலில் இருப்பவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். என் மனைவி கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார். அதற்குத் தகுந்தாற்போல் படகுக்காரர்களின் வாட்சப் குழுவில் என்றைக்கோ எடுத்த புயல் காணொளியை யாராவது இன்று நடந்ததுபோல் அனுப்புவார்கள். இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. திரும்பி வரும் வழியில் சிக்னல் கிடைத்ததும் நான் ஒருமுறை அழைப்பேன். அதற்கு முன் அழைப்பு வராததற்கு எந்தப் பொருளும் கிடையாது. காற்று எப்படி என்பதை மீன்வளத் துறை அறிவிப்பில் மாலையில் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்வதோடு சரி. குழுவின் சத்தத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார். பயம் முழுவதும் போகவில்லை, தூக்கம் வருகிறது.

பதில் 3 (கீழக்கரை, ஆசிரியை)

செவிலியர் அம்மா சொன்ன நோட்டு நல்ல வழிதான். ஆனால் படுக்கையில் கிடந்து எழுதாதீர்கள். நான் அப்படிச் செய்து, இருந்த தூக்கத்தையும் தொலைத்தேன். தையல் மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் தேநீரை விடுவது சிரமம் என்றாலும் செய்து பாருங்கள், குடித்த தேநீரின் வேகம் பல மணி நேரம் உடம்பில் நிற்கும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் மனநல மருத்துவர் என்றாலே எல்லோருக்கும் ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியாமல் தீயில் சிக்கி 28 பேர் மாண்டது வரை பேச்சு போய்விடுகிறது. அந்தப் பயத்தினாலேயே தூக்கமின்மைக்குக்கூட யாரும் மருத்துவரைப் பார்ப்பதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் நாட்டமில்லாமல் போனால் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், ஊரில் யாருக்கும் தெரியாது.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. நோட்டில் 19 வரிகள் சேர்ந்திருக்கின்றன. நேற்று அவற்றைக் கிழமைவாரியாக எண்ணிப் பார்த்தேன். புதன், சனி இரண்டிலும் சேர்த்து மூன்று வரிகள்தாம். திங்கள் மாலையும் செவ்வாய் காலையும் மட்டும் பதினொன்று. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத்தான் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். போன ஆண்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடன் அது. அதை அடைக்க இன்னொன்றும் வாங்கினேன், அது அவருக்குத் தெரியாது. திங்கள் இரவு அவர் கடலில் இருப்பதால் கடலைத்தான் காரணம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு மதியம் அவரிடம் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எத்தனை தவணை பாக்கி என்று மட்டும் கேட்டார். முப்பத்தொன்று. இப்போது தவணைப் பணத்தை அவரே ஞாயிற்றுக்கிழமை எண்ணி, தையல் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறார். திங்கள் இரவு 2 மணிக்கு இன்னும் விழிப்பு வரத்தான் செய்கிறது. மூன்று மணிக்குள் மறுபடியும் தூங்கிவிடுகிறேன்.