74 வயது அப்பாவுக்கு மாத்திரையைக் கூட்டச் சொல்லும் மருத்துவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் எடுத்துவருகிறார். இம்முறை எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) 7.8 வந்ததைப் பார்த்த மருத்துவர், 7க்குக் கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று கிளிமிபிரைடை 2 மில்லிகிராமாக உயர்த்தி எழுதியிருக்கிறார். அப்பாவோ விடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால், பத்து மணிக்கு மேல்தான் வந்து மட்டை அரிசிக் கஞ்சி குடிப்பார். பழைய அளவிலேயே சில நாள் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். அப்படி ஒருநாள் சோதித்தபோது சர்க்கரை மிகவும் தாழ்ந்து 58 காட்டியது. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அளவைக் கூட்ட மனம் ஒப்பவில்லை, மருத்துவரை மீறவும் அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி (செங்கோட்டை)

மருத்துவர் 7 என்று சொல்வது காரணமில்லாமல் அல்ல. பிரிட்டனில் நடந்து 1998இல் முடிவுகள் வெளியான ஆய்வில், எச்பிஏ1சி 7.9ஆக இருந்தவர்களைவிட 7.0ஆக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் கால் பங்கு குறைந்தன. ஆனால் அவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள், பெரும்பாலும் நடுவயதினர். பலன் தெரியவும் ஆண்டுகள் பிடித்தன. பல நோய்கள் சேர்ந்த முதியோருக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். ஆகவே, “அப்பாவின் வயதுக்கும் இதயத்துக்கும் எந்த இலக்கு பொருந்தும்?” என்று நேராகவே கேளுங்கள். அது மருத்துவரை மீறுவதாகாது.

மறுமொழி (களியக்காவிளை)

செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி: 58 என்பது அடுத்த மாதம் வரை காத்திருக்கும் செய்தி அன்று. புதிய அளவைத் தொடங்கும் முன்பே இதை மருத்துவருக்குத் தெரிவித்துவிடுங்கள். கிளிமிபிரைடு, வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து இன்னும் அதிகம். காலை உணவோடு எடுக்க வேண்டியதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு தோப்பில் உழைத்தால் உடல் எப்படித் தாங்கும்? நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, பிறகு உணவு கொடுங்கள். நினைவு தவறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

மறுமொழி (கொல்லங்கோடு)

மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், குளூக்கோமீட்டர் காட்டிய அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உள்ளே நுழைந்ததும் முதலில் அதை மேசைமேல் வையுங்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் 58 என்ற எண்ணைப் பார்த்த மருத்துவர் அடுத்தவரை அழைக்கமாட்டார். சர்க்கரை அளவுமீறித் தாழ்ந்துபோகும் ஆபத்து குறைந்த சிட்டாகிளிப்டின் போன்ற மாத்திரை பொருந்துமா என்றும் கேளுங்கள்; 2022இல் காப்புரிமை முடிந்த பிறகு அதன் விலை இறங்கியிருக்கிறது, ஜன் ஔஷதி கடைகளிலும் கிடைக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து அதன் அளவையும் குறைக்க வேண்டியிருக்கலாம் என்பதால், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தச் சோதனை) அறிக்கையையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.