சிறிய டிராக்டருக்கு இலையும் புல்லும் அள்ளும் இணைப்பு: பேக்கரா, ஸ்வீப்பரா, வாக்யூமா?

வடலி_டர்ஹம்

வணக்கம். ஒன்ராறியோவில டர்ஹம் பக்கம் இரண்டரை ஏக்கர் காணி, அதில ஒண்டரை ஏக்கர் புல்தரை. தெற்குப் பக்கம் சுகர் மேப்பிளும் ஓக்கும் வரிசையா நிக்குது. ஒக்டோபர் கடைசியில அரை ஏக்கர் அளவு நிலத்தை இலை மூடிப்போடும், இரண்டு அங்குலத் தடிப்பு வரும். மெசின் கூபோட்டா பிஎக்ஸ்2380, அடியில புல்லு வெட்டுற 54 அங்குல டெக், முன்னால மண் அள்ளுற லோடர். பின்னால குழி தோண்டிற பேக்கோ இல்லை.

கடையில மூண்டு விதம் காட்டுகினம். டெக்கில இருந்து குழாயால ஊதி மூண்டு பை நிரப்பிற பேக்கர். சில்லுச் சுத்தப் பிரஷும் சுத்தி வாரிற ஸ்வீப்பர். தனி எஞ்சின் வைச்சு உறிஞ்சிற இழுவை வாக்யூம். விலையெல்லாம் மலைக்கும் மடுவுக்கும். கோடையில புல்லும் அள்ளவேணும், பிறகு இலையும் அள்ளவேணும், எல்லாத்தையும் கொம்போஸ்டில போடுற எண்ணம்.

இப்ப கையில இருக்கிறது இரவல் ஸ்வீப்பர், 44 அங்குலம், 25 கன அடிப் பை. ஈர இலையை அப்பிடியே விட்டுட்டுப் போகுது. சில இடத்தில வாரவே இல்லை. இதைத் திருத்தலாமோ, இல்லாட்டி இந்த வகையே சரிவராதோ?

இரும்புக்கை_ஓஹாயோ

எந்த இணைப்பு என்பதற்கு முன்னால் எத்தனை நடை என்று பார்த்துவிடுங்கள். அரை ஏக்கர் 21,780 சதுர அடி. இரண்டு அங்குல இலை என்றால் 3,630 கன அடி. 25 கன அடிப் பையில் அள்ளினால் 145 நடை. பைக்குள் கொஞ்சம் அமுங்கும் என்று பாதியாக்கினாலும் ஒரு வார இறுதியில் முடியாது.

அதே இலையை முதலில் டெக்கால் நறுக்கினால் அளவு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகும், அதாவது 363 கன அடி. ஸ்வீப்பருக்கு 15 நடை. மூன்று பை பேக்கர் 12 புஷல் என்று வைத்துக்கொண்டால் 15 கன அடி, 24 நடை. 4க்கு 8 அடி டிரெய்லரில் நான்கடி உயரத்துக்குப் பலகை அடைத்து வாக்யூம் வைத்தால் 128 கன அடி, மூன்றே நடை. இலை நனைந்திருந்தால் பத்தில் ஒன்று வராது, அதை மனதில் வையுங்கள்.

ஆக, அள்ளும் கருவி இரண்டாவது கேள்விதான். நறுக்காமல் முழு இலையை அள்ளுவது எந்த இணைப்பிலும் வீண் வேலை.

மேப்பிள்_அண்ணை

தம்பி, ஸ்வீப்பர் வாராத இடம் எது எண்டு சொல்லும். நேரா ஓடேக்கயும் விடுதோ, திரும்பேக்க மட்டும் விடுதோ? இடப்பக்கம் திரும்பேக்கயோ, வலப்பக்கமோ? இது தெரிஞ்சால் பாதி வேலை முடிஞ்சுது.

வடலி_டர்ஹம்

நேரா ஓடேக்க பரவாயில்லை அண்ணை. இடப்பக்கம் திரும்பினாலும் வாருது. வலப்பக்கம் திரும்பேக்கதான் பிரஷ் சோர்ந்து போகுது, இலை முன்னுக்குக் கொட்டுது.

மேப்பிள்_அண்ணை

அப்ப இடச் சில்லுதான். வலப்பக்கம் திரும்பேக்க இடச் சில்லு வெளிவட்டத்தில வேகமா ஓடும், பிரஷைச் சுத்தவேண்டியது அதுதான். அது பிடிக்காட்டில், உள்வட்டத்தில மெதுவா உருளுற வலச் சில்லு மட்டும் இழுக்கும். அந்த வேகத்துக்குப் பிரஷ் இலையை எறியாது.

சோதிக்கிறது லேசு. ஸ்வீப்பரைக் கழட்டி, இடச் சில்லை நிலத்தில படாமல் கட்டை வைச்சுத் தூக்கும். கையால முன்பக்கமாச் சுத்தினால் பிரஷ் சேர்ந்து சுத்தவேணும். பின்பக்கமாச் சுத்தினால் டிக் டிக் எண்டு சத்தம் கேட்டு, பிரஷ் நிக்கவேணும். ரெண்டு பக்கமும் சும்மா சுத்தினால் சில்லைக் கழட்டும். பிரஷ் தண்டின்ர நுனியில பல்லுச் சக்கரம் இருக்கும். அதுக்குள்ள தண்டின்ர ஓட்டையில குறுக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு அங்கையும் இங்கையும் வழுக்கி ஓடும், பிடிப்பைத் தாறது அதுதான். அதில தூசியும் பழைய கிறீஸும் இறுகிப் போனால் அசையாது. மண்ணெண்ணையில கழுவித் துடைச்சு, ஒரு துளி மெல்லிய எண்ணெய் மட்டும் விடும். கிறீஸ் அப்பினால் அடுத்த மாதமே திரும்பவும் இறுகும், ஏனெண்டால் இலைத்தூள் எல்லாம் அதில ஒட்டும். இரும்புத் துண்டின்ர மூலை மழுங்கியிருந்தால் புதுசு போடும், சில டொலர்தான்.

ஒண்டு கவனம். இடம் வலம் பல்லுச் சக்கரம் ரெண்டும் ஒண்டில்லை. மாறிப் பூட்டினால் முன்னால போகேக்க சும்மா சுத்தும், ரிவர்ஸில பிடிக்கும்.

பிரஷ் உயரத்தையும் பாரும். புல்லு நுனிக்குள்ள அரை அங்குலம் இறங்கினால் போதும். கூட இறக்கினால் கூட வாரும் எண்டு நினைக்கிறது பிழை. பிரஷ் இழுபட்டுத் தேயும், இலை பைக்குள்ள போகாமல் முன்னுக்கே உருளும். வேகம், விறுவிறெண்டு நடக்கிற அளவு. ஊர்ந்தால் எறியாது, ஓடினால் துள்ளும்.

உம்மட மெசினுக்கு இன்னொரு விசயம். இந்த ஸ்வீப்பர் எல்லாம் புல்வெட்டி ட்ராக்டரின்ர கொக்கி உயரத்துக்குச் செய்தது. பிஎக்ஸின்ர கொக்கி உயரம் வேறயா இருந்தால் சட்டம் சரிஞ்சு, பிரஷ் முன்னுக்கோ பின்னுக்கோ சாயும். மட்டத்தை மேல வைச்சுப் பார்த்து, இழுவைத் தண்டின்ர ஓட்டையை மாத்தும்.

ஈர இலை? நிலத்தோட ஒட்டினதை ஸ்வீப்பர் எடுக்காது, அதுக்கு மருந்தில்லை. பனி காய்ஞ்ச பிறகு இறங்கவேணும்.

பசுந்தரை_மிச்சிகன்

எல்லாவற்றையும் அள்ளத்தான் வேண்டுமா? புல்தரை மேல் விழும் இலையை நறுக்கி அங்கேயே விடுவது பற்றி மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சோதித்திருக்கிறார்கள். மேப்பிள், ஓக் இலைத்தூளால் புல் கெடவில்லை, டான்டிலியன் களை முளைப்பதும் குறைந்தது. இரண்டு அங்குல இலை என்பது, நறுக்கி அங்கேயே விடும் மல்ச்சிங் டெக்குக்குப் பெரிய பாரமே இல்லை. நறுக்கிய பிறகு புல் நுனி மேலே தெரிய வேண்டும், அதுதான் அளவு. தூள் புல்லைப் போர்த்தி மூடியிருந்தால் அந்த மிச்சத்தை மட்டும் அள்ளுங்கள்.

டெக்கை முதல் சுற்றில் நாலு அங்குலத்திலும் அடுத்த சுற்றில் மூன்று அங்குலத்திலும் வைத்து, முந்திய தடத்துக்குக் குறுக்காக ஓட்டுங்கள். எஞ்சின் வேகம் பி.டி.ஓ. (எஞ்சின் விசையை இணைப்புக்குக் கொடுக்கும் தண்டு) குறியில் நிற்கட்டும், பெடலில் கால் மட்டும் மெதுவாக. எல்லாம் கொட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் வாரம் ஒருமுறை ஓட்டினால் பாதிச் சிக்கல் இல்லை.

கோடைப் புல்லுக்கும் இதே பேச்சுத்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால் அள்ள ஒன்றுமே இருக்காது.

வடலி_டர்ஹம்

அக்கா, புல்தரைக்கு அது விளங்குது. ஆனால் கொம்போஸ்டுக்கு எனக்கு இலை வேணும், மரக்கறித் தோட்டம் இருக்கு. செப்ரிக் பெட் (வீட்டுக் கழிவுத் தண்ணி வடியிற நிலம்) மேலயும் இலை நிறையக் கிடக்கு. அப்ப பேக்கரே நல்லதோ? டெக்கே நறுக்கி அதுவே பைக்குள்ள போடுமே.

இரும்புக்கை_ஓஹாயோ

நறுக்குவதும் அள்ளுவதும் ஒரே ஓட்டத்தில் முடிவதுதான் பேக்கரின் பலம். உலர்ந்த இலைக்கு நன்றாக வேலை செய்யும். மே மாத ஈரப்புல்லில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

பிஎக்ஸ்2380க்கு பி.டி.ஓ.வில் கிடைப்பது 17.7 எச்.பி. அதிலிருந்தே 54 அங்குல டெக்கும் ஊதும் விசிறியும் ஓட வேண்டும். அடர்ந்த புல்லில் முழு அகலம் வெட்டினால் எஞ்சின் இறங்கும், விசிறி வேகம் குறையும், குழாயின் முதல் வளைவில் புல் களியாக அடைக்கும். அடைப்பு என்றதும் எல்லோரும் குழாயைத்தான் குடைவார்கள். முதலில் பையின் மேல்மூடியில் இருக்கும் கம்பி வலையைப் பாருங்கள். காற்று வெளியேற வழி இல்லையென்றால் புல் உள்ளே வராது. அந்த வலையைத் தூசி மூடியிருப்பதே பாதி அடைப்புக்குக் காரணம். மீதிக்கு பெல்ட் வழுக்கலும் பிளேடும். மல்ச்சிங் பிளேடும் அதன் தடுப்புத் தகடும் மாட்டியிருந்தால் பேக்கருக்கு எதுவும் வந்து சேராது. ஓரம் தூக்கிய ஹை லிஃப்ட் பிளேடு வேண்டும். ஆக, பசுந்தரை சொன்ன முறையையும் பேக்கரையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடியாது, ஒவ்வொரு முறையும் டெக்கைக் கழற்ற வேண்டிவரும்.

அடைப்பு எடுக்கும்போது பி.டி.ஓ. நிறுத்தி, எஞ்சின் நிறுத்தி, சாவியை எடுத்து, விசிறி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கை. பெல்ட் நின்றாலும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றும்.

எடையும் கவனிக்க வேண்டியது. கொக்கியிலிருந்து 24 அங்குலம் பின்னால் இந்த டிராக்டர் தூக்குவது 680 பவுண்டு. சட்டம், விசிறி, மூன்று பை ஈரப்புல் எல்லாம் பின் அச்சுக்கு வெளியே தொங்கும். லோடரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் முன் சில்லு லேசாகி, சரிவில் ஸ்டியரிங் கேட்காது. லோடரை விட்டுவையுங்கள், இல்லையென்றால் முன்னால் வெயிட் கட்டைகள் போடுங்கள். வலப்பக்கம் குழாய் ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும், மர வரிசையில் அது இடிக்கும்.

உங்கள் நிலைமைக்கு நான் பேக்கர் சொல்ல மாட்டேன். புல்லுக்கு மல்ச், இலைக்கு வாக்யூம்.

மேப்பிள்_அண்ணை

நான் அவ்வளவு தூரம் போகமாட்டன். வாக்யூம் சில ஆயிரம் டொலர், வருசத்தில ஒரு மாத வேலை. நறுக்கிப்போட்டு ஸ்வீப்பரால வாரினால் 15 நடை, அது ரெண்டு சனிக்கிழமை. தம்பியிட்டை நேரம் இருந்தால் அது போதும். ஆனால் மிக நல்லா நறுக்கினால் ஸ்வீப்பர் தூளை எடுக்காது, புல்லுக்குள்ள விழுந்திடும். ஸ்வீப்பருக்கு எண்டால் உயரத்தில ஒரே ஒரு சுற்று நறுக்கவேணும், அப்ப நடையும் 15 எண்டு நிக்காது, கூடும்.

செப்ரிக் பெட் மேல நிரம்பின டிரெய்லரை ஏத்தாதையும். ஈர மண் அமுங்கினால் பிறகு இலையை விடப் பெரிய செலவு. அந்த இடத்தை மட்டும் ஓரத்தில நிண்டு முதுகு புளோவரால வெளிய தள்ளி, பிறகு அள்ளும்.

பசுந்தரை_மிச்சிகன்

கொம்போஸ்ட் என்றால் ஒரு கணக்கு. இலையில் கரி அதிகம், புல்லில் தழைச்சத்து அதிகம். அளவில் இலை இரண்டரைப் பங்கு, புல் ஒரு பங்கு என்று கலந்தால் சூடு ஏறும். ஆனால் இலை வருவது அக்டோபரில், புல் குவிவது மே மாதத்தில். அதனால் நறுக்கிய இலையைக் கம்பி வலைக் கூண்டில் போட்டுவைத்து, வசந்தத்தில் புல் வரும்போது அடுக்கடுக்காகச் சேருங்கள். அதற்கு வருடத்தில் நாலைந்து வெட்டுப் புல் போதும், அதை உங்கள் ஸ்வீப்பரே அள்ளும். வெட்டி ஒரு மணி நேரம் வாடவிட்டு வாருங்கள்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலிலிருந்து அழகுக்காகப் புல்தரையில் களைக்கொல்லி அடிக்கத் தடை இருப்பது உங்களுக்கு வசதி. எல்லை தாண்டி இந்தப் பக்கம் பிறர் வீட்டுப் புல்லை வாங்கினால் என்ன அடித்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். கறுப்பு வால்நட் இலை இருந்தால் தனியாக வையுங்கள், தக்காளிக்கு ஆகாது.

வடலி_டர்ஹம்

இடச் சில்லைக் கழட்டினன், அண்ணை சொன்ன இரும்புத் துண்டு அசையவே இல்லை. கழுவிப் பூட்டினாப் பிறகு வலப்பக்கமும் வாருது. நன்றி.

இந்த வருசம் மல்ச் கிற்றும் ஸ்வீப்பரும். ஆனால் மர வரிசையின்ர கரையில தண்ணி ஓடுற கானுக்குள்ள கிடக்கிற இலைக்கு ஸ்வீப்பர் போகாது. பழைய வாக்யூம் ஒண்டு விலைக்கு வந்திருக்கு, கைக்குழாயும் இருக்காம். பார்க்கப் போகேக்க எதைக் கவனிக்கவேணும்?

இரும்புக்கை_ஓஹாயோ

விசிறி உறையின் உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கல்லும் ஓக் கொட்டையும் அடித்துத் தகடு மெலிந்திருக்கும். ஓட்டை விழுந்திருந்தால் வேண்டாம், உள்தகடு மாற்றக்கூடிய மாடல் என்றால் விலை பேசலாம். விசிறி இலைகளில் ஒன்று உடைந்திருந்தால் அதிர்வு வரும், எஞ்சின் தண்டு பேரிங்கைத் தின்றுவிடும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைக் குளிர்காலம் முழுக்க உள்ளேயே விட்டிருந்தால் கார்புரேட்டர் அடைத்திருக்கும், சோக் போட்டால் மட்டும் ஓடும். உங்கள் டிராக்டர் டீசல், வாக்யூம் பெட்ரோல், அதனால் மஞ்சள் கேன், சிவப்பு கேன் இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள்.

டெக்கோடு இணைக்கும் குழாயை வாங்கும்போது நேராக நிறுத்தி அளக்காதீர்கள். டிராக்டரை முழுதாக இடப்பக்கம் ஒடித்து நிறுத்தி அளந்தால்தான் வலப்பக்கக் குழாய்க்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று தெரியும். பிறகு வலப்பக்கம் ஒடித்து, தொங்கும் குழாய் டயரில் படுகிறதா பாருங்கள். டிரெய்லர் மூடியில் காற்றுப் போக்கி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கக்கூடாது, பின்னால் இருக்க வேண்டும். காய்ந்த மேப்பிள் தூள் கண், மூச்சு எதையும் விடாது. ரேடியேட்டர் வலையையும் அதே தூள் மூடும், ஒவ்வொரு நடைக்கும் இறங்கித் துடையுங்கள்.

கானுக்கு மட்டும் என்றால் கைக்குழாய் போதும், டெக் அடாப்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். டெக்கோடும் இணைக்கப் போகிறீர்கள் என்றால் டெக் தகட்டில் அடித்திருக்கும் மாடல் எண்ணைப் படமெடுத்து இங்கே போடுங்கள். டிராக்டரை மேலே ஏற்றி மாட்டும் டெக்குக்கும் சாதாரண டெக்குக்கும் புல் வெளியேறும் வாய் ஒன்றல்ல.