அழைக்காமலே வீட்டுக்குள் வரும் பூனை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

எங்கள் வீட்டில் யாரும் பூனை வளர்த்ததில்லை. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு சாம்பல் வரிப் பூனை, தன்னிடமும் ஒரு சாவி இருப்பதுபோல வந்து போய்க்கொண்டிருக்கிறது. சமையலறை ஜன்னலில் ஒரு கம்பி சற்று வளைந்திருக்கிறது. கை நுழையும் அளவுதான் இடைவெளி. அதில் முதலில் மீசையை வைத்துப் பார்க்கும், அப்புறம் தலை, தலை நுழைந்துவிட்டால் மீதி உடம்பும் வந்துவிடும். பூனையின் காறை எலும்பு நமக்கு இருப்பதுபோல மற்ற எலும்புகளோடு இணைந்திருக்காதாம், அதனால் தோள் சுருங்கிக் கொடுத்துவிடும். தெரியாமல் அந்தக் கம்பியை நம்பிக்கொண்டிருந்தோம்.

திருட்டுப் பூனை என்றும் சொல்ல முடியவில்லை. அடுப்பு மேடைப் பக்கமே திரும்பாது. நாற்காலிக் காலில் கன்னத்தை ஒரு தேய்ப்பு, அலமாரி முனையில் ஒரு தேய்ப்பு, நேராக மடித்து வைத்த துணிமேல் ஏறிச் சுருண்டு படுத்துவிடும். கன்னத்திலும் நெற்றியிலும் மணச் சுரப்பிகள் இருப்பதால் அப்படித் தேய்த்துத் தேய்த்தே இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. துடைப்பத்தைக் காட்டினால் போகும். ஆள் நகர்ந்ததும் மறுபடி அதே துணி.

அம்மா விரட்டச் சொல்கிறார், மகள் பெயரே வைத்துவிட்டாள். ரோமம் பளபளவென்று இருக்கிறது, எலும்பு தெரியவில்லை. யாரோ வளர்க்கிற பூனை மாதிரித்தான் படுகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

* * *

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் யாராவது ரகசியமாகச் சாப்பாடு வைக்கிறார்களா? நன்றாக விசாரியுங்கள். எங்கள் வீட்டில் பூனையை விரட்டச் சொல்லி அதிகம் சத்தம் போட்டவர் மாமனார். விடியற்காலையில் பின்வாசலில் கிண்ணம் வைத்ததும் அவரேதான்! அதுவும் பால். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிறு கெட்டுவிடும். கெட்டது, வாசற்படியிலேயே. அதற்கப்புறம் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் வைக்கிறார். பூனை வருவது பாதியாகக் குறைந்துவிட்டது.

* * *

மேலே எழுதிய சகோதரி, மகள் பெயர் வைத்ததை எல்லாம் நிறுத்தி வையுங்கள். முதலில் அதற்கு வீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்களிடம் வந்தது ஒரு வெள்ளைப் பூனை. வீட்டு ஆள்போலப் பழகும், ஆனால் கழுத்தில் பட்டை கிடையாது. என் கணவர் நோட்டுத் தாளை நீளமாகக் கிழித்து, ‘இது உங்கள் பூனையா? தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறது’ என்று எழுதி, கீழே தொலைபேசி எண்ணும் போட்டு அதன் கழுத்தில் சுற்றினார். இரண்டு விரல் உள்ளே போகும்படி தளர்வாகச் சுற்ற வேண்டும். ஒட்டுநாடா தாளோடு தாள் ஒட்ட வேண்டும், ரோமத்தில் படக் கூடாது. எங்காவது மாட்டினால் உடனே கிழிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் தாள். கயிறு, ரிப்பன் எதுவும் கட்டவே கட்டாதீர்கள், கிளையில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும்.

மறுநாள் பூனை வேறொரு தாளோடு வந்தது. யாரோ அழகாக எழுதியிருந்தார்கள்: ‘எங்கள் பூனைதான். வயதாகிவிட்டது, சிறுநீரகக் கோளாறு. மருத்துவர் சொன்ன உணவைத் தவிர வேறு எதுவும் கொடுக்க வேண்டாம்.’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை, ஆனால் பேசிப் பார்த்ததில் இன்னொரு வீட்டில் தினமும் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த வீட்டில் அதற்கு வேறு பெயர். வளர்ப்பவர்களோ பூனைக்கு ஏன் பசியே எடுப்பதில்லை என்று மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

தாளுக்குப் பதில் வரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லலாம். அரிசி மணி அளவுதான் இருக்கும், தோலுக்கு அடியில் வைத்திருப்பார்கள், 15 இலக்க எண் வரும். காதையும் கவனியுங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தால் சண்டையில் கிழிந்தது என்று நினைக்க வேண்டாம். கருத்தடை செய்து திரும்ப விட்ட தெருப் பூனைக்குப் போடும் அடையாளம் அது.

* * *

உங்களுக்கெல்லாம் வந்தது சாதுப் பூனைகள். எங்களுக்கு வந்தது ஒரு கடுவன். பெரிய தலை, தடித்த கன்னம், பாதி மூக்கில் பழைய கீறல். வருவான், சோபாவுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிற்பான், வாலைச் செங்குத்தாகத் தூக்குவான், வால் நுனி மட்டும் நடுங்கும். சிறுநீரைப் பீய்ச்சிவிட்டு எதுவும் நடக்காததுபோல நடந்து போவான். அந்த நாற்றம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஈரமான நாளில் சுவரிலிருந்து புதிதாகக் கிளம்பும்.

சுத்தம் செய்வதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் பூனைக்கு அது இன்னொரு பூனையின் சிறுநீர் மாதிரியே தோன்றும், வந்து அதன்மேல் மறுபடி அடிக்கும். பிளீச்சிங் திரவம் அதைவிட மோசம், சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், மூடிய அறையில் செய்யவே கூடாது. என்சைம் உள்ள கிளீனர்தான் உண்மையில் வேலை செய்கிறது. ஊற்றி உடனே துடைத்துவிடாமல் ஊற விட்டு, தானாகக் காய விட வேண்டும். துணி உறையாக இருந்தால் இரண்டாவது முறையும் செய்ய வேண்டியிருக்கும்.

பாச்சை உருண்டையைப் போட்டு வையுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். நாப்தலின் பூனைக்கும் விஷம், வீட்டில் தவழும் குழந்தைக்கும் விஷம். மணத் தைலங்களும் அப்படியே, டீ ட்ரீ எண்ணெய் பூனை உடம்பில் பட்டாலே ஆபத்து.

அவன் வந்தது எங்கள் வீட்டுப் பெண் பூனையைத் தேடி. அதற்குக் கருத்தடை ஆகியிருக்கவில்லை, ராத்திரி முழுக்கக் கத்திக் கூப்பிடும். முதலில் அதற்கு அறுவை செய்தோம். கடுவனைப் பொறிக் கூண்டில் பிடித்து அவனுக்கும் செய்து திரும்ப விட்டோம். பீய்ச்சுவது உடனே நிற்காது, ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும். இப்போதும் மதிலில் வந்து உட்காருகிறான், ஆனால் சோபா பிழைத்துக்கொண்டது.

* * *

ஜன்னலை அடைக்கும் முன்னால் ஒரு விஷயம். உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடையுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு கறுப்புப் பூனை வந்து கட்டிலுக்கு அடியில், பெட்டிகளுக்கு நடுவில், திறந்த அலமாரிக்குள் என்று ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்தது. வயிறு பக்கவாட்டில் உப்பியிருந்தது, காம்புகள் சிவந்திருந்தன. சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம், கடைசி நாட்களில் இப்படித்தான் இடம் தேடும். நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பரணில் இருந்த பழைய போர்வைப் பெட்டியில் ஈன்றுவிட்டது.

என் மாமியார் சொன்ன ஒரே அறிவுரை: ‘தொடாதே, எட்டிப் பார்க்காதே.’ நான் எட்டிப் பார்த்தேன். அன்று மாலையே தாய் ஒவ்வொரு குட்டியாகப் பிடரியைக் கவ்விக்கொண்டு இறங்கியது. தூக்கிய குட்டி கால்களை மடக்கி அசையாமல் தொங்கும். ஏணிப்படியில் தாய்க்கு வழி மறைந்ததால் ஒவ்வொரு படியிலும் நின்று, கழுத்தை ஒதுக்கிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த கால். போன இடம் துணி வைக்கும் அலமாரி. வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதில் மாமியாருக்கு உள்ளூரச் சந்தோஷம், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

குட்டிகள் கண் திறக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். எட்டு வாரம்வரை தாயோடு விட்டுவிட்டு அப்புறம் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். குட்டிகள் பால் மறந்ததும் அறுவைக்குக் கொண்டுபோய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் பூனை மலத்தை வேறு யாராவது தினமும் எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றலாம், ஆனால் மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும்.

சாக்கில் கட்டித் தூரத்தில் கொண்டுபோய் விடுகிற யோசனை யாருக்காவது இருந்தால், வேண்டாம். சில பூனைகள் திரும்பி வந்துவிடும், வராதவை வழியில் செத்துப்போகலாம்.

* * *

யாரும் கடியைப் பற்றிச் சொல்லவில்லையே. பூனை அறைக்குள் மாட்டிக்கொண்டால் கையால் பிடிக்கப் போகாதீர்கள். என் தம்பி மூலையில் ஒடுங்கி நின்ற பூனையைத் தூக்கப் போனான். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு ஊசித் துளைகள், ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. ராத்திரிக்குள் கை வீங்கி விரலை மடக்க முடியவில்லை. பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும், மேல்தோல் சட்டென்று மூடிக்கொள்ளும், கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இறுகக் கட்டுப் போட வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரேபீஸ் ஊசி வேண்டுமா, டெட்டனஸ் வேண்டுமா என்று கேளுங்கள். ரேபீஸ் என்றால் நாய் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், பூனைக் கடியாலும் வரும்.

பூனையை வெளியேற்ற நாங்கள் இப்போது செய்வது இதுதான்: வெளியே போகும் கதவை மட்டும் திறந்து, மற்ற கதவுகளைச் சாத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வேறு பக்கம் போய்விடுகிறோம். முறைத்துப் பார்த்தாலும், நாலு பேர் கூடிச் சூச்சூ என்றாலும் அது இன்னும் உள்ளேதான் போகும். கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டால் துடைப்பத்தை விட்டுக் குடையாதீர்கள். ஆள் சத்தம் அடங்கினால் அதுவே வழி பார்த்துப் போய்விடும். ஒரு தடவை மட்டும் போகவில்லை. தம்பியின் கட்டிலில் ஏறி அசந்து தூங்கிவிட்டது, அவன் அன்றைக்கு ஹாலில் படுத்தான்.