புதுப்பிப்பு: இரண்டாவது குழந்தை வரப்போகிறது, எந்தப் பகுதியில் வாடகைக்குப் போவது?

அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடா, ரயில் பாதையின் கடைசியில் பெரிய வீடா என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போன வாரம் குடிவந்துவிட்டோம். அந்த இரண்டும் இல்லை, நடுவில் உள்ள ஒரு பகுதி.

முடிவெடுக்க உதவியது ஒரே யோசனைதான்: "வேலைநாள் காலை 8 மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளிவரை குழந்தையை நடத்திக் கூட்டிப்போய்ப் பாருங்கள்." வரைபடம் 10 நிமிடம் என்று காட்டிய தூரம், நாலு வயது மகளோடு 25 நிமிடம் ஆனது. நடுவில் சிக்னல் இல்லாத ஒரு பெரிய சாலை வேறு. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தினமும் இரண்டு முறை அதைக் கடப்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த அந்தப் பெரிய வீட்டை அன்றே விட்டுவிட்டோம்.

இரவிலும் போய்ப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. பகலில் அமைதியாக இருந்த இன்னொரு தெரு, 10 மணிக்கு மேல் லாரிகள் போகும் வழி.

எதிர்பாராத ஒன்று: மூன்று படுக்கையறை கட்டாயம் வேண்டும் என்றிருந்தேன். முதல் 6 மாதமாவது குழந்தை எங்கள் அறையிலேயே தனித் தொட்டிலில் தூங்குவதுதான் நல்லது என்றார் மருத்துவர். சரி, இப்போதைக்கு இரண்டு அறை போதும் என்று எடுத்தோம். அப்புறம் இடம் போதாவிட்டால் இதே பகுதிக்குள் மாறிக்கொள்ளலாம், மகளுக்குப் பள்ளி மாறாது.