கத்தரி, மிளகாய் இலை ஓரம் கருகுகிறது, மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது (கடலூர் மாடித்தோட்டம்) – உதவி தேவை

மஞ்சக்குப்பம் மாடி:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடியில் 22 பைகளில் காய்கறி வைத்திருக்கிறேன். எல்லாம் 15க்கு 15 அங்குலப் பை. செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய மாட்டு எரு மூன்றும் சம அளவு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் பைகள் எல்லாம் இரண்டு நாள் மழையிலேயே ஊறிக் கிடந்தன, அப்போது இருந்த செடிகள் போய்விட்டன. அதே மண்ணை ஆறவிட்டுக் கார்த்திகைக் கடைசியில் மறுபடியும் வைத்தவைதான் இப்போது இருப்பவை. கத்தரி பாலூர் 1, அம்மா கையால் நாற்று விட்டது. அது தவிர மிளகாய், வெண்டை, பீன்ஸ், கொத்தவரை, கொஞ்சம் கீரை. தையில் வெண்டை வீட்டுக்குப் போக எதிர்வீட்டுக்கும் கொடுத்தோம், மாசி பாதிவரை ஒரு குறையும் இல்லை.

இப்போது பங்குனி பிறந்து பத்து நாள் ஆகிறது. கத்தரியிலும் மிளகாயிலும் அடி இலைகள் நுனியில் தொடங்கி ஓரம் முழுக்கக் காபித்தூள் நிறத்தில் காய்கின்றன. நடுவில் பச்சையாகவே இருக்கிறது, ஓரத்தைக் கிள்ளினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் விரலை விட்டால் மண் ஈரம், செடி மட்டும் துவண்டு நிற்கிறது.

சத்துக் குறைவு என்று நினைத்து டிஏபி உரத்தை ஊறவைத்து இரண்டு முறை ஊற்றினேன், அடுப்புச் சாம்பல் போட்டேன், பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தேன், வேப்பெண்ணெயும் அடித்தாயிற்று. போன வாரத்தைவிட இந்த வாரம் மோசம். அம்மா தினமும் மாடி ஏறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போகிறார்கள், அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் விவசாயி:

தம்பி, அடி இலை ஓரம் கருகினால் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைவாக இருக்கலாம், அது எப்போதும் முதிர்ந்த இலையில்தான் தொடங்கும். இன்னொன்று சிலந்திப்பேன். வெயில் ஏற ஏற அது பெருகும். இலைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள், தூசி மாதிரி விழுந்தது நகர்ந்தால் அதுதான். மிளகாய் இலை சுருண்டிருக்கிறதா? மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் சிலந்தி. ஒரு முறை பொட்டாஷ் கொடுத்துப் பாருங்கள்.

வில்லியனூர் தோட்டம்:

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது என்றால் எனக்கு வேர்மேல்தான் சந்தேகம். இனிமேல் தேறாது என்று தோன்றும் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. போன வருடம் என் தக்காளி முழுக்க அப்படித்தான் போனது.

மஞ்சக்குப்பம் மாடி:

அண்ணா, தாளில் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. இலையும் சுருளவில்லை. ஒரு மிளகாய்ச் செடியைப் பிடுங்கினேன். முடிச்சு எதுவும் இல்லை, ஆனால் வெள்ளை வேரே காணோம். நுனியெல்லாம் பழுப்பாக, மொட்டையாக இருக்கிறது. பொட்டாஷ் வாங்கி வைத்திருக்கிறேன், இன்று போடலாமா?

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:

தம்பி, பொட்டாஷைப் பிரிக்காதீங்க, நாளைவரை பொறுங்க. முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள். எந்தச் செடி முதலில் போனது, எது இன்னும் நன்றாக இருக்கிறது? என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், போரா, மாநகராட்சிக் குழாயா? ஊற்றினால் பையின் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே வருகிறதா? பையின் வாய் ஓரத்திலும் அடியிலும் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா?

மஞ்சக்குப்பம் மாடி:

அக்கா, முதலில் போனது பீன்ஸ், மாசிக் கடைசியிலேயே முடிந்தது. அப்புறம் மிளகாய், இப்போது கத்தரி. வெண்டை சுமாராக நிற்கிறது. கொத்தவரைக்கு ஒன்றுமே ஆகவில்லை. பைகளில் தானாக முளைத்த பருப்புக்கீரை தளதளவென்று இருக்கிறது.

தண்ணீர் விஷயம். பொங்கலுக்கு வீட்டில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் மாட்டினோம். அதில் வெளியே போகும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பக்கெட்டில் பிடித்து மாடிக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறேன். பற்றாததற்குப் போர்த் தண்ணீர். தளம் ஒழுகும் என்று வீட்டில் பயப்படுவதால் எல்லாப் பைக்கும் அடியில் தட்டு வைத்து, வழியாத அளவுக்குப் பைக்கு இரண்டு லிட்டர் மட்டும் கொடுக்கிறேன். நீங்கள் கேட்ட பிறகு போய்ப் பார்த்தேன். பையின் உள் ஓரத்தில் சுற்றிலும் கோலமாவு கோடு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:

உப்புதான் தம்பி. நோயும் இல்லை, பூச்சியும் இல்லை.

செடிகள் போன வரிசையைப் பாருங்கள். காய்கறிகளில் உப்பைக் கொஞ்சம்கூடத் தாங்காதது பீன்ஸ். மிளகாயும் கத்தரியும் அதற்கு அடுத்து. கொத்தவரை நன்றாகத் தாங்கும், பருப்புக்கீரை உவர் நிலத்திலேயே வளரும். உங்கள் மாடியில் அதே வரிசையில்தான் நடந்திருக்கிறது. மண்ணில் உப்பு ஏறிவிட்டால் ஈரம் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது, அதனால்தான் கை வைத்தால் ஈரம், செடி வாட்டம்.

ஆர்ஓ இயந்திரம் உப்பை அழிப்பதில்லை. நாம் குடிக்கும் ஒரு லிட்டரில் இருந்த உப்பையும் சேர்த்து, வெளியே தள்ளும் இரண்டு மூன்று லிட்டரில் அனுப்பிவிடுகிறது. ஆக நீங்கள் ஊற்றியது போர்த் தண்ணீரைவிடக் கரிப்பான தண்ணீர். அதுவும் ஒரு சொட்டு வடியவிடாமல். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? பையிலேயே தங்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை இதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஃபெஞ்சல் அன்று புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, நமக்கும் குறைவில்லை. உங்கள் மண் அன்று நன்றாக அலசப்பட்டுவிட்டது, அதனால்தான் தை மாதம் அப்படிக் காய்த்தது. மழை நின்றதும் கழுவ ஆளில்லை. டிஏபி, சாம்பல் இரண்டும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் உப்பை ஏற்றியிருக்கும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அளந்து சொல்லுங்கள், பிறகு கணக்குப் போடலாம்.

நெல்லிக்குப்பம் விவசாயி:

அக்கா சொல்வது சரி, என் பொட்டாஷ் யோசனையை விட்டுவிடுங்கள் தம்பி. சாம்பலில் ஏற்கெனவே அந்தச் சத்து இருக்கிறது, அதைப் போட்டும் தேறவில்லை என்று நீங்கள் எழுதியதை நான் கவனித்திருக்க வேண்டும். தென்னைநார்க் கழிவை அலசிவிட்டுக் கலந்தீர்களா? அலசாததிலும் உப்பு இருக்கும்.

காலாப்பட்டு கடலோரம்:

எங்கள் பக்கம் கடல்காற்றாலேயே இலை கருகும், அதனால் ஒரு வித்தியாசம் சொல்கிறேன். காற்று உப்பு என்றால் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும், ஒரு முறை செடியைக் குளிப்பாட்டினால் புதிதாகக் கருகாது. தம்பி சொல்வது சுற்றிலும் அடியிலிருந்து வருகிறது, ஆகவே மண்தான். கையோடு மூடாக்கும் போடுங்கள். எனக்குச் சவுக்குச் சருகு சும்மா கிடைக்கிறது, உங்களுக்குக் கரும்புச் சோகையோ மல்லாட்டை (நிலக்கடலை) தோலோ கிடைக்கும். மூன்று விரல் கனத்துக்குப் போட்டால் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

மஞ்சக்குப்பம் மாடி:

மீட்டர் வாங்கிவிட்டேன். போர்த் தண்ணீர் 1100 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு). ஆர்ஓ வெளியேற்றும் தண்ணீர் 1450. மாநகராட்சிக் குழாய் 430. ஏசியிலிருந்து சொட்டுவது 20தான், எனக்கே ஆச்சரியம். ஒரு கத்தரிப் பையில் நிறைய ஊற்றி அடியில் வழிந்ததைப் பிடித்து அளந்தேன், 3900! தென்னைநாரை இரண்டு முறை அலசித்தான் போட்டேன் அண்ணா.

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:

இப்போது பாருங்கள். 1450 என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு. தினம் இரண்டு லிட்டர், 40 நாள் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஒரே பைக்குள் 116 கிராம், நன்றாக ஒரு கைப்பிடி உப்பு. போரும் கலந்து ஊற்றியதால் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை நிறுவனம் சொல்லும் கணக்கில் 450 பிபிஎம் வரை கவலையில்லை, 2000ஐத் தாண்டினால் கடுமையான தொல்லை. நடுவில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும், பார்த்து ஊற்றுவது என்றால் கொஞ்சம் வடியவிட்டு ஊற்றுவது. உங்களுக்கு அந்த வடிகால்தான் இல்லாமல் போனது.

கழுவும் முறை இது. தட்டை எடுத்துவிட்டுப் பையை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மேலே படிந்த வெள்ளையை ஒரு விரல் ஆழ மண்ணோடு சுரண்டி எறியுங்கள். மாநகராட்சித் தண்ணீரும் ஏசித் தண்ணீரும் கலந்து, பைக்கு இரண்டு பக்கெட், ஒரேயடியாகக் கொட்டாமல் அரை மணி இடைவெளி விட்டு மூன்று தடவையாக மெதுவாக ஊற்றுங்கள். வழிவதை அளந்துகொண்டே வாருங்கள், 1200 பக்கம் இறங்கும்வரை. சாயங்காலம் செய்யுங்கள். 22 பையையும் ஒரே நாளில் செய்யத் தண்ணீர் கிடைக்காது, ஒரு நாளைக்கு மூன்று பை போதும், கத்தரியில் தொடங்குங்கள். வழியும் தண்ணீர் மழைநீர்க் குழாய்க்குப் போகும்படி தளத்தைக் கூட்டி வைத்துவிட்டால் தேங்காது, தேங்கினால்தான் தளத்துக்கு ஆபத்து.

கழுவினால் உப்போடு சத்தும் போகும். அதற்காக உடனே உரம் வைக்காதீர்கள். பத்து நாள் கழித்துப் புது இலை வந்த பிறகு, ஒரு கை மண்புழு உரம் போதும். கருகிய இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் விடாதீர்கள், குருத்தை மட்டும் பாருங்கள்.

லாஸ்பேட்டை மாடி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எங்கள் போர் 1300. ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடும் என்கிறார்களே, போடலாமா?

வில்லியனூர் தோட்டம்:

ஜிப்சம் எல்லா உப்புக்கும் மருந்து இல்லை. சோடியம் ஏறி மண் இறுகித் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போதுதான் அது உதவும், அதைப் போட்டாலும் பிறகு நல்ல தண்ணீரால் கழுவித்தான் ஆக வேண்டும். சோடியம் எவ்வளவு என்று டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. போரை பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்துக்கொண்டு குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். அறிக்கையைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

மஞ்சக்குப்பம் மாடி (18 நாள் கழித்து):

எல்லாப் பையையும் கழுவி முடித்துவிட்டேன். 3900 காட்டிய பை மூன்றாவது ஊற்றலில் 1250க்கு வந்தது. முதல் பக்கெட்டில் வழிந்த தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது, கடைசியில் தெளிந்துவிட்டது. மிளகாயில் மூன்று செடி போய்விட்டது, காப்பாற்ற முடியவில்லை. கத்தரி ஒன்பதும் பிழைத்தது. குருத்து இலைகள் ஓரம் சுத்தமாக, ஊதா நரம்போடு விரிந்திருக்கின்றன, ஒரு செடியில் நேற்று இரண்டு பூ. பதினொரு மணிக்கும் நிமிர்ந்து நிற்கிறது. அம்மா இன்று காலையில் அந்தப் பூவைக் காட்டத்தான் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கும் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு கேள்வி. ஆர்ஓ தண்ணீரை என்ன செய்வது? காலியான பைகளில் இந்த வெயிலில் என்ன போடலாம்?

திருப்பாதிரிப்புலியூர் அக்கா:

ரொம்ப சந்தோஷம் தம்பி, அம்மாவிடமும் சொல்லுங்கள். ஆர்ஓ தண்ணீர் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வண்டி கழுவவும் போகட்டும், தோட்டத்துக்கு வேண்டாம். மாநகராட்சித் தண்ணீர் வராத நாளில் போரும் ஏசித் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 560க்கு வந்துவிடும், அதைத் தாராளமாக ஊற்றலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அடியில் நன்றாக வழியும்வரை ஊற்றுங்கள்.

காலிப் பையில் இப்போது கொத்தவரையும் தண்டுக்கீரையும் போடுங்கள். மிளகாய்க்கு அவசரப்படாதீர்கள், ஆனியில் நாற்று விட்டால் ஆடிக்கு நடலாம். பீன்ஸை மழை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காலாப்பட்டு கடலோரம்:

கத்தரி பூத்துவிட்டது, இனிக் குருத்தையும் காயையும் துளைக்கும் காய்ப்புழு வரும். குருத்துத் தலை தொங்கினால் அன்றைக்கே அரை விரல் கீழே கிள்ளி எரித்துவிடுங்கள், பையிலேயே போடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் மாடி:

சரி அண்ணா, தினமும் பார்க்கிறேன். கொத்தவரை விதை வீட்டில் இருக்கிறது, நாளைக் காலையிலேயே ஊன்றிவிடுகிறேன்.