காணாமல் போனவர்களின் வீடுகளில் நான் கண்டது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முல்லைத்தீவுப் பக்கம் உளசமூகப் பணியில் இருந்தேன். "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு யாரும் வந்த ஞாபகம் இல்லை. தலையிடி, நாரி உழைவு, நெஞ்சடைப்பு, இப்படித்தான் பேச்சுத் தொடங்கும். மருந்துத் துண்டு கைக்கு வந்த பிறகும் எழும்பாமல் இருப்பார்கள். கதை அப்போதுதான் வரும்.

ஓர் அக்கா, இலங்கைப் போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் தானே ஒப்படைத்தவர். "உயிரோட குடுத்தனான், செத்தவீடு எப்பிடித் தங்கச்சி செய்யிறது?" என்பார். பொட்டு வைத்தால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும்; வைக்காவிட்டால் மாமியார் அழுவார். கலியாணத்துக்குச் சொல்லுவார்கள், மணவறைப் பக்கம் போனால் முகம் மாறும். வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். அழுது முடிக்கவும் முடியாது, எதிர்பார்ப்பை விடவும் முடியாது.

2016 சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமல் போனவர் என்றே ஒரு சான்றிதழ் எடுக்கலாம். காணி, வங்கி அலுவல்களுக்கு உதவும். சொன்னேன். "அதை எடுத்தால் தேடுறதை விட்டிட்டன் எண்டு ஆகாதோ?" என்றார்.

இதற்கு மேல் நுண்கடன். கிழமைக்கு ஒருநாள் லோன்காரர் படலையில் நிற்பார். அக்காவுக்கு நித்திரை குழம்புவது பெரும்பாலும் அதற்கு முதல்நாள் இரவுதான். ஷெல்லடியைக் கனவில் கண்டதாகச் சொன்னது குறைவு. குளிசையால் கடன் குறையுமா, சொல்லுங்கள்.

மறுமொழி:
என் அண்ணன் முன்னாள் போராளி, போருக்குப் பிறகு தடுப்பில் புனர்வாழ்வு முடிந்து வந்தவர். விசாரிக்க ஆட்கள் வந்து போவதைக் கண்டதும் பக்கத்து வீட்டார் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் பயம், பிழை சொல்ல முடியாது. மேசன் வேலைக்குக் கூப்பிடுவதும் நின்றது. பிறகு கசிப்புக் குடி.

மறுமொழி:
கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் போனவர்களின் உறவினர் தொடங்கிய போராட்டப் பந்தலுக்கு என் பெரியம்மாவும் போவார். வீட்டில் இருந்தால் நாள் முழுக்கப் பெருமூச்சும் தலையிடியும். பந்தலில் மற்றத் தாய்மாரோடு சண்டை பிடிப்பார், சிரிப்பார், பகலில் நித்திரையும் கொள்வார். வடக்கின் போர்ப் பாதிப்பைக் கூட்டு மனவடு, அதாவது சமூகமே சேர்ந்து சுமக்கும் மனக்காயம், என்று எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது என்கிறார். பெரியம்மாவைப் பார்த்த பிறகு அது எனக்குப் பிடிபட்டது. ஆனால் பதில் கிடைக்காமலே அந்தப் பந்தலில் இருந்த பல தாய் தகப்பன்மார் இறந்துபோய்விட்டார்கள். ஒவ்வொரு செத்தவீட்டுக்கும் போய் வந்தால் பெரியம்மாவுக்கு மறுபடி தலையிடி.