மண்டபம் கரையில் ஃப்ளை தூண்டில் வீச முடியுமா?

கேள்வி: மண்டபம் வாசகர்

வணக்கம். பல ஆண்டுகள் உதகையில் பணியாற்றிவிட்டு, அண்மையில் மண்டபத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். உதகையில் என்னைவிட மூத்த அலுவலக நண்பர் ஒருவர், அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் டிரவுட் மீனுக்கு ஃப்ளை தூண்டில், அதாவது இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சியை இரையாக வீசும் தூண்டில், வீசக் கற்றுக்கொடுத்தார். 1907-ல் மீன் வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகு நீலகிரியில் நிலைபெற்ற வானவில் டிரவுட், குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் வாழும். ஆகவே அதை இங்கே தேடவில்லை.

நான் தேடுவது அந்த முறையையும், அது தந்த துணையையும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் என்பதால், கீழ்ப்புறமிருந்து ஓசையில்லாமல் ஏறிப் போக வேண்டும். ஒருவர் வீசும்போது மற்றவர் கரையில் மண்டியிட்டு, நீரின் மேல் எந்தப் பூச்சி பறக்கிறது, மீன் எந்தக் கல்லின் நிழலில் நிற்கிறது என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் கோப்பைத் தவிர வேறெதுவும் பேசாத அந்த மனிதர், தம் குடும்பக் கவலைகளை என்னிடம் சொன்னது அந்த ஓடைக் கரையில்தான். என் தந்தை காலமானபோது முதலில் வந்து நின்றவரும் அவரே. பணி ஓய்வு பெற்றுவிட்ட அவர், தை மாதம் என் வீட்டில் தங்க வருகிறார். அவரோடு இந்தக் கடற்கரையில் ஃப்ளை வீச முடியுமா? எந்தக் கரை, எந்தத் தூண்டில், எந்த மீன்? மீனவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

பதில் 1: இராமநாதபுரம் தூண்டில் ஆர்வலர்

தாராளமாக முடியும். ஃப்ளைக்கு எடை மிகக் குறைவு, நூலின் எடைதான் அதைச் சுமந்து போகிறது என்பதால், இங்கே முதலில் பார்க்க வேண்டியது காற்று. தை மாதத்தில் வாடைக் காற்று வடகடலை (பாக் நீரிணைப் பக்கம்) கலக்கிவிடும். தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும். மண்டபத்தின் தென்கரையில் நின்றால் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து நூலைத் தூக்கிக்கொண்டு போகும். ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும்போது வடகரைக்கு மாறிக்கொள்ளுங்கள். வலக்கையால் வீசுபவருக்கு வலப்பக்கக் காற்று ஆகாது, தூண்டில் முள் காதைத் தைத்துவிடும்.

ஓடையில் பயன்படுத்திய 4 அல்லது 5-ஆம் எண் தடி (அது தாங்கும் நூலின் எடையைக் குறிக்கும் எண்) கடலுக்குப் போதாது. 8-ஆம் எண்ணில், 9 அடி நீளத்தில் ஒன்று வேண்டும். ஃப்ளையும் பூச்சி வடிவில் இருந்து பயனில்லை. சிறு மீனைப் போலவோ இறாலைப் போலவோ இருக்க வேண்டும். அமெரிக்காவில் பாப் கிளவுசர் 1980-களில் ஆற்று மீனுக்காகக் கட்டிய கிளவுசர் மின்னோ, உலகெங்கும் கடலிலும் எடுபடுகிறது. வெள்ளையும் இளம்பச்சையும் கலந்தது நல்லது. சிறு பாறை மீன், கட்டா, முரல், ஊளி ஆகியவை கரையோரம் வரும்; கழிமுகங்களில் கொடுவா உண்டு. மடவைக் கூட்டம் துள்ளுவதைப் பார்த்து அதன் நடுவே வீசிக்கொண்டிருக்க வேண்டாம். அது பாசியும் சேற்றுப் படிவும் மேயும் மீன், ஃப்ளையை அரிதாகவே எடுக்கும். ஆனால் அந்தக் கூட்டம் திடீரெனச் சிதறினால், பின்னால் ஏதோ துரத்துகிறது என்று பொருள். உடனே அங்கே வீசுங்கள்.

தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நகருங்கள், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். வீடு திரும்பியதும் நூல் சுற்றும் உருளையை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு அதைத் தின்றுவிடும்.

பதில் 2: தங்கச்சிமடம்

ஐயா, டிரவுட் பிடித்தவரின் கை, மீன் கடித்ததும் தடியை மேலே தூக்கும். ஓடையில் அது சரி. கடலில் அப்படித் தூக்கினால் ஃப்ளை மீனின் வாயருகிலிருந்து விலகிவிடும். பாறை மீனும் கொடுவாவும் முதல் பாய்ச்சலில் தவறவிட்டால் திரும்பவும் பாயக்கூடும். அப்போது ஃப்ளை அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே தடியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தியபடியே, இடக்கையால் நூலை நீளமாக ஓர் இழுப்பு இழுக்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள எங்கள் கரையின் கைத்தூண்டில்காரர்களைவிடச் சிறந்த ஆசான்கள் இல்லை. தங்கூசியை (நைலான் தூண்டில் நூலை) ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிட்டு, கொத்துவது கிழங்கானா விளைமீனா என்று விரலாலேயே அறிபவர்கள் அவர்கள். வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் கரையில் ஃப்ளை வீசியபோது, என் தந்தை நெடுநேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அருகே போய் நூலைத் தம் விரலில் வாங்கி இழுத்துக் காட்டினார். அந்த வெளியூர்க்காரர் உடனே தடியைத் தந்தையின் கையில் கொடுத்து, வீசும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் அவர் தொலைபேசியில் தண்ணீர் தெளிந்ததா என்று கேட்பதும், தந்தை அவருடைய மகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பதும் தொடர்கின்றன.

கரைவலை இழுக்கும் இடத்தில் நிற்காதீர்கள். நண்டு வலையின் மிதவை தெரிந்தால் அந்தப் பக்கம் வீசாதீர்கள்; முள் மாட்டினால் கண்ணி அறுந்து, ஒரு வீட்டின் அன்றைய வருமானம் போய்விடும். முதலில் கேட்டுவிட்டு நின்றால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். பிடித்ததையெல்லாம் விட்டுவிடுவது இங்கே பலருக்குப் புரியாது. சிறியதை விட்டுவிட்டு, நல்ல மீன் ஒன்று கிடைத்தால் இடம் காட்டியவர் வீட்டுக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து.

பதில் 3: கீழக்கரை

ஒன்றை மறக்க வேண்டாம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கோ, அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற பகுதிக்கோ தூண்டிலோடு போகக் கூடாது. படகுக்காரர் எவரேனும் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள். காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் போக விரும்பினால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மண்டபம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. நண்பரிடம் இன்று பேசினேன். அவர் இப்போதே கிளவுசர் கட்டத் தொடங்கிவிட்டார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, தண்ணீரில் இறங்காமல் வீச இயலுமா? தங்கச்சிமடம் நண்பரின் தந்தையைச் சந்திக்கவும் அவர் விரும்புகிறார்.

பதில் 4: தங்கச்சிமடம்

இறங்க வேண்டியதில்லை. விடியற்காலையில் நீர் ஏறும் வேளையாகப் பார்த்து வந்தால், சிறு மீன்கள் கரையோரமே மேயும். உலர்ந்த மணலில் நின்றபடி வீசலாம். தைத்தால் எளிதில் கழற்ற, முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். தந்தையிடம் சொல்லிவிட்டேன், பெரியவருக்குக் காலை உணவு எங்கள் வீட்டில்தான் என்கிறார்.